பத்து மூட்டையா, இருபது மூட்டையா?

தை, மாசி அறுவடை நேரத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், லோடு வண்டி வாங்க நினைப்பவருக்குப் பாதிப் பாடம் கிடைத்துவிடும். நெல் ஏற்றிவரும் குட்டி யானைகளில் சில, பின்பக்கம் தாழ்ந்து, முகத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி வரும். அதே அளவு மூட்டையோடு பக்கத்தில் ஒரு பிக்கப் நிமிர்ந்து நிற்கும். பார்த்ததும் 'பெரிய வண்டியே எடுத்துவிடலாம்' என்று தோன்றும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம் ஊர் குட்டி யானை என்பது 2005-இல் வந்த டாடா ஏஸ். அது சுமக்கும் எடை சுமார் 750 கிலோ. நெல் மூட்டை 75 கிலோ என்று வைத்தால் சரியாகப் பத்து மூட்டை. ஓசூரில் ஆலை உள்ள அசோக் லேலண்ட் 2011-இல் கொண்டுவந்த தோஸ்த் 1,250 கிலோ தாங்கும்; பதினாறு மூட்டை. மஹிந்திரா பொலேரோ பிக்கப்பில் மாடலைப் பொறுத்து 1,300 முதல் 1,700 கிலோ வரை. பதினேழிலிருந்து இருபத்திரண்டு மூட்டை.

'ஒன்றரை டன் வண்டி' என்ற பெயரை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். அமெரிக்காவில் பிக்கப்களை இன்னும் அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்றுதான் அழைக்கிறார்கள். அந்தக் காலத்து அளவு எப்போதோ மாறிவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நமக்கு நிஜம் ஆர்.சி. புக்கில் இருக்கிறது. அதில் வண்டியின் மொத்த எடை, வெற்று எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். மிச்சத்தில்தான் சரக்கும் டிரைவரும் கூட வரும் ஆளும் அடக்கம். பிறகு நீங்கள் மாட்டும் இரும்புக் கூண்டின் எடையும் இதிலிருந்தே குறையும்.

அடுத்து, நீங்கள் ஏற்றப்போவது எடைச் சரக்கா, இடச் சரக்கா என்று பாருங்கள். எம்.சாண்ட் ஒரு கன அடி ஏறக்குறைய 45 கிலோ. ஏஸின் தொட்டி சுமார் ஏழடி நீளம், ஐந்தடி அகலம். அதில் அரை அடி உயரத்துக்கு மணல் கொட்டினாலே 750 கிலோ வந்துவிடும். 'தொட்டி பாதிகூட நிரம்பவில்லையே' என்று இன்னும் நாலு சட்டி போடுகிற இடத்தில்தான் வண்டியின் ஆயுள் குறையத் தொடங்குகிறது. வைக்கோல் கட்டு இதற்கு நேர்மாறு. தார்ப்பாய்க்கு மேலே கோபுரமாக நின்றாலும் எடை வராது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு ஓட்டுபவருக்கும் டன் முக்கியமில்லை, ஆடுகள் நெருக்காமல் நிற்க நீளமான தளம்தான் முக்கியம்.

'கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை போட்டால் தாங்கும்' என்று பட்டறையில் சொல்வார்கள். பட்டை போட்டால் பின்பக்கம் தாழாது, உண்மைதான். ஆனால் பிரேக்கும் ஆக்சிலும் டயரும் பழையவைதான். வண்டி நிமிர்ந்து நிற்பதால் ஓவர்லோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவே. பிரேக் மிதித்த பிறகு வண்டி ஓடும் தூரம் கூடும். பின்பாரம் மிஞ்சினால் முன்சக்கரத்தின் பிடி குறைந்து ஸ்டீயரிங் லேசாகும். அபராதமும் உண்டு: அதிக பாரத்துக்குச் சட்டம் சொல்வது 20,000 ரூபாய், மேற்கொண்டு ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய்.

தெருவையும் பாருங்கள். ஏஸ் நாலரை மீட்டருக்குள் ஆரம் வைத்துத் திரும்பிவிடும். சந்துக்குள் போய் சிமென்ட் இறக்க அதற்கு இணையில்லை. ஆனால் அதன் சக்கரம் 12 அங்குலம்தான். மழை பெய்த மறுநாள் வயல்வெளி வண்டிப்பாட்டையில் இறக்கினால் பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். அங்கே பெரிய சக்கரமுள்ள பிக்கப் தேவலை.

காகிதத்திலும் ஒரு கோடு இருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டாம், தாண்டினால் வேண்டும். சில பிக்கப் மாடல்கள் இந்தக் கோட்டைத் தாண்டுபவை என்பதால் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். லைசென்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை இலகுரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. எந்த வண்டியானாலும், அமாவாசைக்கு மேல்மலையனூர் போக ஆட்களை ஏற்றாதீர்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும்.

கடைசியாக, தூரம். பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்து கிலோமீட்டரில் இருபது மூட்டை கொண்டுவர ஏஸ் இரண்டு நடை போக வேண்டும். கூடுதல் ஓட்டம் இருபது கிலோமீட்டர். டீசல் பெரிதாகக் கையைக் கடிக்காது. அதே சரக்கு சென்னைக்கு என்றால், இரண்டாவது நடைக்கே கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர். வாடகை அதிலேயே கரைந்துவிடும்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்: என்ன சரக்கு, எத்தனை கிலோ, எவ்வளவு தூரம். பெரும்பாலான நாள் பத்து மூட்டைக்குள், செஞ்சியைச் சுற்றியே ஓட்டம் என்றால் குட்டி யானை போதும்; அறுவடைக்கு மட்டும் பிக்கப்பை வாடகைக்குப் பிடிக்கலாம். தினமும் ஒரு டன்னுக்கு மேல், திண்டிவனம் தாண்டி ஓட்டம் என்றால் பிக்கப்தான் கட்டுப்படியாகும். விற்பனைக்கூட வாசலில் தள்ளாடி வந்த வண்டிக்காரர் தப்பான வண்டி வாங்கினார் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அவர் இரண்டு நடை போயிருக்க வேண்டும்.