கான்பெராவை வரைந்த கட்டிடக் கலைஞர்

ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவின் நடுவே காணப்படும் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மொலாங்லோ ஆற்றின் குறுக்கே அணை கட்டித் தேக்கியது. அதன் பரப்பு சுமார் 660 ஹெக்டேர். 1964இல் அது நிரம்பியபோது, அதனை முதலில் தாளில் வரைந்த வால்டர் பர்லி கிரிஃபின் இறந்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கிரிஃபின் 1876இல் அமெரிக்காவில் பிறந்தவர். புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1911இல் ஆஸ்திரேலிய அரசாங்கம் தன் புதிய தலைநகரின் அமைப்புக்காக உலகப் போட்டி ஒன்றை அறிவித்தது. கிரிஃபின் அந்நாட்டைக் கண்டதில்லை. நில அளவைப் படங்களையும் அவ்விடத்து ஓவியங்களையும் கொண்டே திட்டம் தீட்டினார். அவர் மனைவி மேரியன் மஹோனியும் கட்டிடக் கலைஞரே. அவ்வம்மையார் வரைந்த எழில்மிகு படங்கள் இன்றேல் திட்டத்தின் சிறப்பு நடுவர்களுக்கு அவ்வளவு தெளிவாக விளங்கியிருக்குமா என்பது ஐயமே. 1912இல் முதற்பரிசு கிட்டியது.

குன்றுகளை அவர் இடையூறாகக் கொள்ளவில்லை. அவற்றையே தம் கோடுகளுக்கு நிலைப்புள்ளிகளாகக் கொண்டார். எய்ன்ஸ்லி மலையிலிருந்து காபிடல் குன்றின் வழியே செல்வது நில அச்சு. பிளாக் மவுண்டனிலிருந்து அதனைக் குறுக்கே வெட்டிச் செல்வது நீர் அச்சு. மொலாங்லோ பெருமழையில் கரைபுரண்டு பரவும். வறண்ட காலத்தில் ஓடையாகச் சுருங்கும். அத்தகைய வெள்ளச் சமவெளியில் வீடு கட்டுவது அறிவுடைமையன்று. ஆகவே அந்நிலத்தை அவர் நீருக்கே விட்டுவிட்டார்.

1913இல் கட்டுமானப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் அதிகாரிகள் ஒத்துழைக்கவில்லை. அவருக்கு வேண்டிய தகவல்கள் மறைக்கப்பட்டதாக 1917இல் விசாரணைக் குழுவே கூறியது. 1920இல் அவர் விலகினார். இதற்கிடையே, காரையின்றி ஒன்றோடொன்று பிணையும் கான்கிரீட் கற்களை உருவாக்கி, அம்முறைக்கு 1917இல் காப்புரிமையும் பெற்றிருந்தார். பின்னர் சிட்னியில் காசில்கிராக் என்னும் குடியிருப்பை அமைத்தபோது அங்குச் சில வீடுகள் இக்கற்களால் எழுந்தன. பாறைகளையும் மரங்களையும் அழிக்காது வீடு கட்டுவது அங்கு அவர் கொள்கை.

கான்பெராவின் வீதியமைப்பு 1925இல் அரசிதழில் வெளியாயிற்று. ஏரியோ தாளிலேயே கிடந்தது. அணையின் மதகுகள் 1963 செப்டம்பரில்தான் மூடப்பட்டன. அப்பொழுது வறட்சி, நீர் நிரம்ப ஏழு மாதங்கள் சென்றன. ஏரிக்குக் கிரிஃபினின் பெயரே சூட்டப்பட்டது.

அவருடைய இறுதிப் பணிகள் நம் நாட்டில் நிகழ்ந்தன. லக்னோ பல்கலைக்கழக நூலகத்தை வடிவமைக்க 1935இல் வந்தார். பயனீர் நாளிதழின் கட்டிடம் உள்ளிட்ட பல படங்களை விரைந்து வரைந்தார், பெரும்பாலானவை கட்டப்படவில்லை. 1937 பிப்ரவரியில், பித்தப்பை அறுவைச் சிகிச்சையை அடுத்து அங்கேயே காலமானார். லக்னோவிலுள்ள அவர் கல்லறையில் 1988 வரை பெயர்க்கல் இல்லை.