டொரண்ட்: துண்டு சரி, தந்தவர் யார்?

ரஜினிகாந்தின் ‘2.0’ 2018 நவம்பர் 29ஆம் திகதி வெளியானது. திருட்டுப் பிரதியைத் தடுக்க, 12,000க்கும் மேற்பட்ட இணையத்தளங்களை முடக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் முன்கூட்டியே உத்தரவிட்டிருந்தது. பலனில்லை. வெளியான அன்றே படம் தமிழ்ராக்கர்ஸ் என்ற டொரண்ட் திருட்டுத் தளத்தில் ஏறிவிட்டது. டொரண்ட் என்றாலே திருட்டு சினிமா என்ற பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

நுட்பம் என்ன பாவம் செய்தது? அமெரிக்கரான பிராம் கோஹன் 2001இல் வெளியிட்ட பிட்டொரண்ட், பெரிய கோப்பைத் துண்டுகளாக்கி, அதை வைத்திருக்கும் பலரிடமிருந்தும் ஒரே நேரத்தில் வாங்கித் தருகிறது. நடுவில் கரண்ட் போனாலும் சிக்னல் விழுந்தாலும் வந்த துண்டுகள் வீணாகாது. மிச்சத்தை மட்டும் எடுத்தால் போதும். கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கும் பொறியியல் மாணவருக்குச் சில ஜிபி அளவுள்ள உபுண்டு இயங்குதளத்தை மொபைல் டேட்டாவில் இறக்க இது நல்ல வழி. உபுண்டு, டெபியன், லிப்ரே ஆஃபிஸ் மூன்றும் தங்கள் தளங்களிலேயே டொரண்ட் இணைப்பு தருகின்றன. இணையமின்றி விக்கிப்பீடியா வாசிக்க உதவும் கிவிக்ஸும் தருகிறது.

ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போல ஓர் எண் உண்டு. அது பொருந்தாத துண்டை மென்பொருளே தள்ளிவிடும். 2016 பெப்ரவரி 20ஆம் திகதி லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இணையத்தளத்துக்குள் புகுந்தவர்கள், தரவிறக்க இணைப்பைத் தாங்கள் கெடுத்துவைத்த பிரதிக்குத் திருப்பிவிட்டார்கள். டொரண்டில் எடுத்தவர்களுக்கு அதனால் பாதிப்பில்லை.

அதற்காக டொரண்டில் வருவதெல்லாம் சுத்தம் என்று நினைக்கக் கூடாது. கைரேகை சொல்வது, கோப்பு வழியில் மாறவில்லை என்பதை மட்டுமே. முதலில் ஏற்றியவரே வைரஸை வைத்திருந்தால் அதுவும் ஒரு துண்டு குறையாமல் வந்து சேரும். ஆகவே தொடங்குமுன் மென்பொருள் காட்டும் கோப்புப் பட்டியலைப் பாருங்கள். இரண்டு மணிநேரப் படம் 3 எம்பியில் வராது. பெயர் ‘.எம்பி4.இஎக்ஸ்இ’ என்று முடிந்தால் அது படமே அல்ல, கணினியில் ஓடும் நிரல். விண்டோஸ் பெயரின் கடைசி ஒட்டை வழக்கமாக மறைத்துவிடும். அதைக் காட்டும்படி மாற்றிவைப்பது முதல் வேலை. படம் பார்க்க வேறொரு மென்பொருளை நிறுவச் சொன்னால் அங்கேயே அழித்துவிடலாம்.

டொரண்ட் மென்பொருளையும் கண்ட இடத்தில் எடுக்காதீர்கள். திறந்த மூலமான, விளம்பரமில்லாத கியூபிட்டொரண்டை அதன் சொந்தத் தளத்தில் எடுப்பது நல்லது. அதிலும் எச்சரிக்கை வேண்டும்: 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்ற டொரண்ட் மென்பொருளின் மேக் பதிப்பு, அதன் அதிகாரபூர்வத் தளத்திலேயே கப்பம் கேட்கும் வைரஸுடன் சிறிது நேரம் கிடந்தது.

இன்னொன்றைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. இறக்கும்போதே உங்கள் கணினி மற்றவர்களுக்கு ஏற்றவும் செய்கிறது. உங்கள் ஐபி முகவரியும் அவர்களுக்குத் தெரியும். பதிப்புரிமையுள்ள படமென்றால் நீங்கள் பார்வையாளர் மட்டுமல்ல, விநியோகஸ்தரும்தான். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. உபுண்டு போன்றவற்றில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் டேட்டா கரையும். இறங்கி முடிந்த பின்னும் ஏற்றம் ஓடிக்கொண்டே இருக்கும். இரவு டேட்டாவை நம்பி இறக்குபவர்கள், காலையில் அந்த நேரம் முடியுமுன் மென்பொருளை முழுதாக மூடிவிட வேண்டும். ஜன்னலை மூடினாலும் அது கீழ்மூலையில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.