காணும் விலையும் கைவரும் பொருளும்

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொருளைப் பேணுதல் அதனினும் அரிது. அமெரிக்க நாட்டில் நடுத்தரக் குடும்பத்தினர் பலர் தம் சேமிப்பைப் பங்குகளிலும் பரஸ்பர நிதிகளிலும் இடுகின்றனர். அவற்றின் விலையோ நாள்தோறும் மாறும் இயல்பினது. அம்மாற்றத்தை வீட்டிலிருந்தவாறே அறிய உதவுவது, தனிநபர் நிதிக் கணிப்பொறி மென்பொருளில் அமைந்துள்ள கண்காணிப்புப் பட்டியலாகும். அப்பட்டியல் காட்டுவது யாது, காட்டாதது யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

மென்பொருளின் தோற்றம்

1983-ஆம் ஆண்டில் ஸ்காட் குக், டாம் புரூ ஆகிய இருவர் கலிபோர்னியாவில் இன்ட்யூட் நிறுவனத்தைத் தொடங்கினர். அந்நிறுவனம் வெளியிட்ட ‘குவிக்கன்’ வீட்டு வரவு செலவுக் கணக்கை எளிதாக்கிற்று. 1991-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் ‘மணி’ என்னும் மென்பொருளைக் கொணர்ந்தது. தொடக்கத்தில் காசோலைக் கணக்கெழுதப் பயன்பட்ட இத்தகைய மென்பொருள்கள், நாளடைவில் முதலீடுகளின் விலையையும் காட்டலாயின.

பட்டியலின் இயல்பு

ஒவ்வொரு பங்கிற்கும் சந்தையில் ஒரு குறியீடு உண்டு. மைக்ரோசாப்டின் குறியீடு ‘எம்எஸ்எஃப்டி’ என்பதாகும். இக்குறியீட்டைப் பட்டியலில் சேர்த்துவிட்டால், மென்பொருள் இணையத்தின் வழியே விலையைப் பெற்று, ஏற்ற இறக்கத்தையும் உடன் காட்டும். கட்டணமின்றிக் கிடைக்கும் விலை பெரும்பாலும் பதினைந்து அல்லது இருபது நிமிடம் பிந்தியது. பரஸ்பர நிதியின் மதிப்போ, சந்தை முடிந்தபின் நாளுக்கு ஒரு முறையே கணிக்கப்படுவது. ஆதலின் திரையில் தோன்றும் எண் யாவும் அந்நொடிக்குரிய விலை என எண்ணுதல் பொருந்தாது.

நாம் வாங்காத பங்குகளையும் இப்பட்டியலில் சேர்க்கலாம். வாங்கக் கருதுவதைச் சில திங்கள் நோக்கியிருந்து முடிவு செய்தற்கு இது துணை செய்யும். எனவே, கண்காணிப்புப் பட்டியல் வேறு. சொத்துக் கணக்கு வேறு. முன்னது நோக்குதற்குரியது, பின்னது நம் உடைமையைச் சொல்வது.

விலையும் மதிப்பும்

விலை குறைந்தால் பொருள் குறைந்தது என்பதும் எப்போதும் உண்மையன்று. 2020 ஆகஸ்டு இறுதியில் ஆப்பிள் நிறுவனம் தன் பங்கு ஒன்றை நான்காகப் பிரித்தது. ஏறத்தாழ 499 டாலராக இருந்த ஒரு பங்கின் விலை, பிரிவினால் 125 டாலரளவிற்கு வந்தது. ஒன்று வைத்திருந்தவரிடம் நான்கு இருந்தமையின் இழப்பேதும் இல்லை. பிரிவினைக் கணக்கில் பதியாதவர்க்கோ முக்கால் பங்கு செல்வம் அழிந்ததாகத் தோன்றும். அவ்வாறே, திரையில் காணும் ஏற்றமும் விற்கும் வரை கைவந்த வருவாய் ஆகாது.

அடிக்கடி நோக்குதலின் தீங்கு

விலை எளிதில் தெரிவதால், உடனுக்குடன் வாங்கவும் விற்கவும் மனம் விழைகிறது. இதன் விளைவைப் பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் என்னும் ஆய்வாளர் இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளை அவர்கள் ஆராய்ந்தனர். மிகுதியாக வாங்கி விற்றோர் ஆண்டுக்கு 11.4 விழுக்காடே ஈட்டினர், சந்தையோ 17.9 விழுக்காடு தந்தது. வாங்கி விற்கும் செலவே இவ்விழப்பிற்குப் பெருங்காரணமாயிற்று. கை ஓயாது உழைத்தவர், வாளாவிருந்தவரினும் குறைவாகப் பெற்றனர் என்பது சிந்திக்கத்தக்கது.

நிறைவுரை

மென்பொருளும் நிலையானதன்று. ‘மணி’யை நிறுத்துவதாக 2009-இல் மைக்ரோசாப்ட் அறிவித்தது, இணையவழி விலை பெறும் வசதியும் பின்னர் நின்றது. ஆகவே, வாங்கிய நாள், விலை, எண்ணிக்கை ஆகியவற்றைத் தனியே எழுதி வைத்தல் நலம். பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கும்போது, அதனைச் சேர்த்த காரணத்தையும் ஒரு வரியில் குறித்தல் வேண்டும். விலை மாறும்போதெல்லாம் அக்காரணம் மாறியதா என வினவுவோமாயின், பதற்றம் அடங்கும். விலையைக் கருவி காட்டும். மதிப்பை நாமே ஆராய்ந்து உணர்தல் வேண்டும்.