மடிக்கணினி தொடக்க உறைவு

மடிக்கணினி தொடக்க உறைவு என்பது, ஆற்றல் பொத்தானை அழுத்திய பின் இயங்கத் தொடங்கும் மடிக்கணினி, பயனர் நுழைவுத் திரையை அடையும் முன்பே அசைவற்று நின்றுவிடும் நிலையைக் குறிக்கும். நிறுவனச் சின்னமோ, சுழலும் வட்டமோ, கருந்திரையில் ஒரு சிறு கோடோ மட்டும் திரையில் நிலைத்து நிற்கும்; விசைகளை அழுத்தினாலும் மறுமொழி இராது. பேச்சு வழக்கில் இதனை "ஹேங் ஆகிவிட்டது" என்பர். இது பல வேறு பழுதுகளுக்குப் பொதுவான அறிகுறி ஆகும். கணினி எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் கவனித்தால் பழுது எங்கே என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கி வைக்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகள், அரசு மற்றும் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளிகள், கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள் ஆகியவற்றின் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. முதற்கட்டக் கணினிகளில் 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி வன்தட்டும் இருந்தன. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சு என இரண்டு இயங்குதளங்கள் ஒரே வன்தட்டில் நிறுவப்பட்டிருந்தன.

திருவண்ணாமலை மாவட்டத்தில் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி போன்ற ஊர்களில், தறி இருக்கும் வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி பெரும்பாலும் இதுவே. கல்லூரி ஆய்வறிக்கை, சான்றிதழ்களின் மின்படிகள், குடும்ப நிழற்படங்கள், சில வீடுகளில் சேலைக் கரைக்கு வரைந்த வடிவமைப்புக் கோப்புகள் ஆகியன வேறெங்கும் படியின்றி அந்த ஒரே வன்தட்டில் தங்கிவிட்டன. அத்தகைய கணினி ஒருநாள் தொடங்க மறுக்கும்போது, இழப்பு கணினியின் விலையோடு முடிவதில்லை.

தொடக்கம் நிகழும் முறை

பட்டுத் தறியின் மேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி இதற்கு நல்ல ஒப்புமை. பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய இப்பொறியில், துளையிட்ட அட்டைகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அட்டையும் எந்தப் பாவு இழைகள் மேலெழ வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு அடுத்த அட்டைக்கு இடம்விடும். ஓர் அட்டை கிழிந்தால் பூவேலை அந்த வரிசையில் பிசகும். துணியில் பிசகு விழுந்த இடத்தைப் பார்த்தே எந்த அட்டை பழுது என்று நெசவாளர் கண்டுகொள்வார். (துளை அட்டைகள் பின்னாளில் கணினிகளுக்கே தரவு ஊட்டப் பயன்பட்டதால், இவ்வொப்புமை வெறும் அலங்காரம் அன்று.)

கணினியின் தொடக்கமும் அவ்வாறே கைமாறிச் செல்கிறது. முதலில் தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் என்னும் நிரல், நினைவகம், விசைப்பலகை, வன்தட்டு ஆகியவற்றைச் சோதிக்கிறது. அடுத்து வன்தட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அங்குள்ள சிறு நிரலிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கிறது. அந்நிரல் கிரப் அல்லது விண்டோசின் தொடக்க மேலாளரை அழைக்கிறது. அது இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது. கரு, வன்பொருள் இயக்கிகளையும் சேவைகளையும் ஒவ்வொன்றாக எழுப்பிய பின்னரே நுழைவுத் திரை தோன்றும். 2012-ஐ ஒட்டிப் பரவிய யூஇஎஃப்ஐ கணினிகளில் இரண்டாம் கட்டம் சற்று மாறுபடும், வரிசை அதேதான்.

நிற்கும் இடமும் பழுதும்

நிறுவனச் சின்னத்திலேயே நின்றால் இயங்குதளத்தைக் குறை கூறுவதில் பொருளில்லை. அது இன்னும் அழைக்கப்படவே இல்லை. பென்டிரைவ், நினைவக அட்டை, அச்சுப்பொறி என வெளியிலிருந்து இணைத்த அனைத்தையும் முதலில் கழற்ற வேண்டும். பின்னர் மின்னிணைப்பையும் மின்கலத்தையும் அகற்றி, ஆற்றல் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் சுற்றுகளில் எஞ்சிய மின்னூட்டம் வடிந்துவிடும். நம்பச் சற்றுக் கடினமான இந்த வைத்தியம் பல வேளைகளில் பலிக்கிறது. பலிக்காவிடில் நினைவகச் சில்லைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைத் துடைத்து, மீண்டும் அழுத்தமாகப் பொருத்திப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் நாளும் நேரமும் பழைய ஆண்டுக்குத் திரும்பினால், தாய்ப்பலகையின் நாணய வடிவ 3 வோல்ட் மின்கலம் தீர்ந்துவிட்டது எனலாம். சின்னம் வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்று, பின் வன்தட்டைக் காணவில்லை என்ற செய்தி வந்தால் வன்தட்டோ அதன் இணைப்போ பழுது.

சின்னம் மறைந்து கருந்திரையில் கோடு மட்டும் ஒளிர்ந்தால், பெரும்பாலும் தொடக்கப் பகுதி சிதைந்துள்ளது. இது எளிதில் சீர்செய்யக்கூடியது. கோப்புகள் பெரும்பாலும் நலமாகவே இருக்கும்.

இயங்குதளத்தின் சின்னம் தோன்றிய பின் நிற்பதே மிகுதியாகக் காணப்படுவதும், குழப்பம் தருவதும் ஆகும். இங்கே மென்பொருளும் காரணமாகலாம், வன்தட்டும் காரணமாகலாம். விண்டோஸ் 7-இல் எஃப்8 விசை வழியே பாதுகாப்புப் பயன்முறைக்குச் சென்றால், ஏற்றப்படும் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக ஓடும். அவ்வரிசை கிளாஸ்பிஎன்பி.சிஸ் என்ற கோப்பில் நின்றுவிட்டது என்று கூறி அக்கோப்பையே மாற்ற முனைவோர் உண்டு. இறுதியாகத் தெரியும் பெயர் முன்னர் ஏற்றப்பட்ட கோப்பினுடையது. தடங்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கக்கூடும். லினக்சில் கிரப் பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தி, கருவுக்குரிய வரியிலிருந்து 'குவையட்', 'ஸ்பிளாஷ்' என்ற இரு சொற்களை நீக்கினால், அழகிய சின்னத்திற்குப் பின்னால் நடப்பவை எழுத்தில் தெரியும். வன்தட்டின் பெயரோடு உள்ளீட்டுப் பிழைச் செய்திகள் அடுத்தடுத்து வந்தால், ஐயத்தை வன்தட்டின் மீது திருப்ப வேண்டும்.

மென்பொருளா, வன்பொருளா என்று பிரித்தறியச் சிறந்த சோதனை, பென்டிரைவிலிருந்து நேரடியாக இயங்கும் லினக்சு ஒன்றைத் தொடக்கிப் பார்ப்பது. அது தடையின்றி இயங்கினால் தாய்ப்பலகை, நினைவகம், திரை ஆகியவை பெரும்பாலும் நலம். பழுது வன்தட்டிலோ அதில் உள்ள இயங்குதளத்திலோ உள்ளது. அதுவும் உறைந்தால் நினைவகத்தையும் வெப்பத்தையும் ஆராய வேண்டும். நூல் பிசிறும் தூசியும் காற்றாடியை அடைத்துவிட்டால் செயலி சூடேறி, தொடங்கிய சில நிமிடங்களில் கணினி நின்றுவிடும். இரட்டை இயங்குதளம் கொண்ட திட்டக் கணினிகளில் பென்டிரைவ் இல்லாமலே பாதிச் சோதனை முடிந்துவிடும்: விண்டோஸ் உறைந்து பாஸ் லினக்சு தொடங்கினால், அங்கிருந்தே விண்டோஸ் பகுதியின் கோப்புகளைப் படியெடுக்கலாம்.

மின்கலமும் மின்வெட்டும்

மடிக்கணினிக்கு மின்வெட்டு ஒரு பொருட்டன்று என்பது, மின்கலம் உயிரோடு இருக்கும்வரை மட்டுமே உண்மை. மின்கலம் செத்த மடிக்கணினியில் மின்சாரம் போகும் கணத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக நிற்கும், கோப்பு முறைமை சீர்குலையும், வன்தட்டும் நலிவுறும். சென்னைக்கு வெளியே நாளுக்குப் பல மணிநேர மின்வெட்டு நிலவிய 2012-ஆம் ஆண்டில் இக்கணினிகள் புதியவை, மின்கலம் தாங்கியது. இன்று மின்வெட்டு குறைவு, ஆனால் மின்கலம் இல்லை.

கோப்புகளை மீட்டல்

பழுது பார்க்கும் கடைகளில் விரைவான தீர்வாகச் சொல்லப்படுவது ஃபார்மேட் செய்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது. கணினி ஓடத் தொடங்கும். உள்ளே இருந்தவை போய்விடும். எனவே எந்தச் சீரமைப்புக்கும் முன்னர் கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்தல் வேண்டும். வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி உறை ஒன்றில் இட்டு மற்றொரு கணினியில் இணைத்தும் இதனைச் செய்யலாம்.

வன்தட்டிலிருந்து டக் டக் என்ற ஓசை வந்தால் மீண்டும் மீண்டும் தொடக்கிப் பார்க்கக் கூடாது; ஒவ்வொரு முயற்சியும் எஞ்சியதைக் குறைக்கும். வன்தட்டு தன்னைப் பற்றிப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளில் 5, 197 ஆகிய எண்களுக்குரிய அளவுகள் கூடிக்கொண்டே போவதும் தீய அறிகுறி. அந்நிலையில் செக்டிஸ்க், எஃப்எஸ்சிகே போன்ற சீராக்கு கருவிகளை உடனே ஏவுவது தவறு. அவை நலிந்த தட்டில் எழுதவும் முற்படும். டிடிரெஸ்க்யூ போன்ற நிரலால் முழு வன்தட்டையும் முதலில் நகலெடுத்து, சீராக்கலை நகலின் மீது செய்வதே முறை. அந்நிரல் எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டுபிடிக்கும் பகுதிகளுக்குப் பின்னர் திரும்பி வருகிறது.

சீரமைப்புக்குப் பின்

பழைய வன்தட்டுக்கு மாற்றாக 2.5 அங்குல சாட்டா வகைத் திண்மநிலைத் தட்டு அதே இடத்தில் பொருந்தும். நினைவகத்தை 4 ஜிபி ஆக்கினால் வேறுபாடு கண்கூடு. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டமையால், இவ்வகைக் கணினிகளுக்கு எடை குறைந்த லினக்சு வழங்கல்களே ஏற்றவை. பதிவிறக்கும் முன் செயலி 64-பிட்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பாஸ் லினக்சுக்கு அடிப்படையான டெபியன், 2025 ஆகத்தில் வெளியான 13-ஆம் பதிப்பில் 32-பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது. 12-ஆம் பதிப்பில் அது உண்டு.