கண்ணீருக்கு அனுமதி உண்டு

யூரோவிஷன் முதல் சென்னை ரியாலிட்டி ஷோ வரை, பாடகரின் பூர்வீகமும் நாட்டு அரசியலும் பாட்டுக்குள் எந்த வழியாக நுழைகின்றன?

2015 பிப்ரவரி 20. விஜய் டி.வி.யின் சூப்பர் சிங்கர் ஜூனியர் நான்காவது சீசனின் இறுதிச் சுற்று. கனடாவிலிருந்து வந்திருந்த ஈழத்தமிழ்ச் சிறுமி ஜெசிக்கா ஜூட்ஸ் ‘விடை கொடு எங்கள் நாடே’ பாடலை எடுத்துப் பாடினார். அரங்கில் பலர் அழுதார்கள். டி.வி. முன்னால் இருந்தவர்கள் அதைவிட அதிகமாக அழுதார்கள். முதல் பரிசு பெங்களூரு ஸ்பூர்த்திக்குப் போனது. இரண்டாம் பரிசான ஒரு கிலோ தங்கத்தைத் தமிழ்நாட்டில் உள்ள ஆதரவற்ற குழந்தைகளுக்கும் ஈழத்தில் போரால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கும் கொடுப்பதாக ஜெசிக்காவின் குடும்பம் அறிவித்தது. யார் ஜெயித்தார் என்பதை மறந்தவர்களுக்குக்கூட அந்தப் பாட்டு இன்னும் நினைவில் இருக்கிறது.

அது யாருடைய பாட்டு? மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்துக்காக வைரமுத்து எழுதி, ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்து, எம்.எஸ்.விஸ்வநாதன் முன்னின்று பாடியது. படம் வந்தது 2002இல். கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள், அந்தப் பக்கத்துப் பிரிவைக் கற்பனை செய்து உருவாக்கியது. அதை அந்தப் பக்கத்திலிருந்து வெளியேறியவர்களின் பிள்ளை, மூன்றாவது ஒரு நாட்டிலிருந்து வந்து, இந்தப் பக்கத்து மேடையில் பாடியது. போர் முடிந்து ஆறு ஆண்டுகூட ஆகவில்லை. கொழும்பில் மஹிந்த ராஜபக்ச தேர்தலில் தோற்று ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. மேடையில் யாரும் அரசியல் பேச வேண்டிய தேவையே எழவில்லை. பாட்டுத் தேர்வே பேசிவிட்டது.

பாட்டுப் போட்டியில் அரசியல் கலக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது கலந்து பல காலம் ஆகிறது. எந்த அளவுக்கு உள்ளே விடுகிறார்கள், எந்த இடத்தில் கதவைச் சாத்துகிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஐரோப்பாவின் வாசற்கதவு

நாடுகளுக்கிடையே நடக்கும் பாட்டுப் போட்டிகளில் உலகப் புகழ் பெற்றது யூரோவிஷன். 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 7 நாடுகளோடு தொடங்கியது. பாட்டு வரிகளில் அரசியல் இருக்கக் கூடாது என்பது அங்கே எழுதி வைக்கப்பட்ட விதி. அந்த விதியை வைத்துக்கொண்டே அரசியல் எப்படி நடந்தது என்று பாருங்கள்.

1968இல் ஸ்பெயின் சார்பாகப் பாட இருந்தவர் ஜோன் மானுவேல் செராட். கட்டலான் மொழியில்தான் பாடுவேன் என்றார். ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் நடந்த காலம் அது. கட்டலான் மொழியைப் பொது இடங்களிலிருந்து ஒதுக்கி வைத்திருந்த ஆட்சி. அவரை நீக்கிவிட்டு மாஸியல் என்ற பாடகியை அனுப்பினார்கள். அவர் ஸ்பானிய மொழியில் பாடி முதல் பரிசோடு திரும்பினார். மொழிப் போராட்டம் கண்ட தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் விளக்க ஒன்றுமில்லை.

1974இல் போர்ச்சுகல் அனுப்பியது சாதாரணக் காதல் பாட்டு. கடைசி இடத்தை மூன்று நாடுகளோடு பகிர்ந்துகொண்டு வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி இரவு, அந்தப் பாட்டை லிஸ்பன் வானொலி ஒலிபரப்பியது. சர்வாதிகார அரசைக் கவிழ்க்கத் தயாராக இருந்த ராணுவ அதிகாரிகளுக்கு அதுதான் முதல் சமிக்ஞை. வரிகளில் அரசியல் துளியும் இல்லாததால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

2009 போட்டி மாஸ்கோவில். ஜார்ஜியா அனுப்பிய பாட்டு புடினைக் கிண்டல் செய்வதாகச் சொல்லி, மாற்றித் தரும்படி கேட்டார்கள். மாற்ற மறுத்து ஜார்ஜியா விலகிக்கொண்டது. ஏழு ஆண்டு கழித்து உக்ரைனின் ஜமாலா ‘1944’ என்ற பாட்டோடு வந்தார். கிரிமியத் தாத்தார் மக்களை ஸ்டாலின் அரசு ஒட்டுமொத்தமாக நாடு கடத்திய ஆண்டு அது. நாடு கடத்தப்பட்டவர்களில் ஜமாலாவின் கொள்ளுப்பாட்டியும் ஒருவர். 2014இல் ரஷ்யா கிரிமியாவைப் பிடித்துக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாட்டில் அது இல்லை. வரலாறு, அரசியல் அல்ல என்று அமைப்பாளர்கள் அனுமதித்தார்கள். ஜமாலா 534 புள்ளிகளோடு வென்றார்.

2022இல் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு ரஷ்யாவையே வெளியேற்றினார்கள். அந்த ஆண்டு உக்ரைனின் கலுஷ் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விழுந்த மொத்தப் புள்ளிகள் 631. அதில் 439 நேயர் வாக்கு. 2024இல் இஸ்ரேலின் பாட்டு 2023 அக்டோபர் தாக்குதலைக் குறிப்பதாகச் சொல்லித் திருத்த வைத்தார்கள். தலைப்பும் வரிகளும் மாறிய பிறகே ஈடன் கோலன் மேடையேற முடிந்தது. காஸாவில் நடந்ததை முன்னிட்டு, இஸ்ரேல் பங்கேற்பதை எதிர்த்து அயர்லாந்து, ஸ்பெயின், நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் 2026 போட்டிக்கு வர மாட்டோம் என்று அறிவித்தன.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் எழுதப்படாத ஒரு விதி தெரிகிறது. துக்கம் கடந்த காலத்தில் நடந்ததாக, ஒரு குடும்பத்தின் கதையாக வந்தால் உள்ளே விடுகிறார்கள். நிகழ்காலத்தில், பெயர் சொல்லி வந்தால் வாசலிலேயே நிறுத்துகிறார்கள். கண்ணீருக்கு அனுமதி உண்டு, காரணத்துக்கு இல்லை.

இரவல் பாட்டு, சொந்தக் கதை

தமிழில் யூரோவிஷன் போல ஒன்று இல்லை. ஆனால் நாடு கடந்த பாட்டுப் போட்டி இருக்கிறது. கனடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பிள்ளைகள் ஆடிஷனுக்காகச் சென்னைக்கு விமானம் ஏறுகிறார்கள்.

பெரிய வித்தியாசம் ஒன்று. அங்கே ஒவ்வொருவரும் புதுப் பாட்டோடு வர வேண்டும். இங்கே எல்லாமே சினிமாப் பாட்டு. பாட்டு ஊரறிந்தது என்பதால், பாடுகிறவர் புதிதாகக் கொண்டு வருவது தன் குரலையும் தன் கதையையும்தான். அதனால்தான் பாட்டுக்கு முன்னால் ஓடும் அந்த இரண்டு நிமிடப் படத்துக்கு அவ்வளவு முக்கியத்துவம். வீடு, அம்மா, அப்பாவின் வேலை, ஊர்த் தெரு. பின்னணியில் புல்லாங்குழல். படம் முடிந்து பிள்ளை மைக்கைப் பிடிக்கும்போது நடுவர்களின் கண் ஏற்கெனவே ஈரமாகியிருக்கும்.

2023இல் ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் மூன்றாவது சீசனில் இது உச்சத்துக்குப் போனது. கண்டி மாவட்டம் புசல்லாவைப் பகுதியின் நயாப்பனைத் தோட்டத்திலிருந்து வந்தார் அசானி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து வீடுகளின் பிள்ளை. தாமதமாக வந்து சேர்ந்து, முதலில் போட்டியாளராகவே இல்லாமல் மேடையேறி, பிறகு சேர்த்துக்கொள்ளப்பட்டவர். தற்செயலாக, அந்த ஆண்டுதான் மலையகத் தமிழர் இலங்கைக்குக் கூலிகளாகப் போன 200ஆவது ஆண்டு. அவர்களின் முன்னோர் நடந்த பாதையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகத்தார் ஒரு நடைபயணம் போனார்கள். அது தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? அசானியைத் தெரியாதவர் குறைவு.

அசானியின் வறுமையை அந்த மேடை காட்டியது. அந்த வறுமை எப்படி வந்தது என்பதைக் காட்டவில்லை. 1948இல் சிலோன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் பலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். அதாவது அசானி வெளிநாட்டுப் பிள்ளையாக மேடையேறியது, அவருடைய முன்னோர் புறப்பட்ட மாநிலத்திலேயே.

அதே சீசனில் யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா, போரில் இழந்த உறவை நினைத்து ‘கண்டா வரச் சொல்லுங்க’ பாடினார். ‘கர்ணன்’ படத்தில் அது, ஒடுக்கப்பட்ட சாதியினர் வாழும் தென் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்று போலீஸை எதிர்த்து நின்ற கதையின் பாட்டு. கில்மிஷாவின் குரலில், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் வடக்கு இலங்கையின் பாட்டாக மாறிவிட்டது. ஒரு சொல்லும் மாறவில்லை. பாடுகிறவரின் ஊர் மாறியது, அவ்வளவுதான். 2023 டிசம்பர் 17ஆம் தேதி கில்மிஷா பட்டம் வென்றார். யாழ்ப்பாணம் ஊர்வலமாக வரவேற்றது.

சேப்பாக்கத்தில் வேறு சட்டம்

தமிழ்நாடு இலங்கை விஷயத்தில் பொழுதுபோக்கையும் அரசியலையும் தனித்தனியாக வைத்ததே இல்லை. 2013இல் மாணவர் போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவியபோது, இலங்கை வீரர்கள் சென்னை ஐபிஎல் ஆட்டங்களில் ஆடக் கூடாது என்று முதல்வர் ஜெயலலிதா சொன்னார். ஐபிஎல் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. ஜெசிக்காவுக்காகத் தமிழ்நாடு அழுதது அடுத்த இரண்டு ஆண்டுக்குள்.

2020இல் முத்தையா முரளிதரனின் வாழ்க்கைப் படமான ‘800’இல் விஜய் சேதுபதி நடிப்பதாக அறிவிப்பு வந்தது. ராஜபக்சக்களை ஆதரித்தவர் என்று முரளி மீது எதிர்ப்பு கிளம்ப, விஜய் சேதுபதி விலகினார். முரளிதரனும் கண்டிக்காரர், மலையகத் தமிழர். அசானியும் கண்டி மாவட்டத்து மலையகத் தமிழர். ஒருவர் தனக்கென்று ஒரு அரசியல் கருத்து சொன்னார்; அது நமக்குக் கசந்தது. இன்னொருவர் பாட மட்டும் செய்தார். முரளியின் கருத்தை எதிர்ப்பதற்கு நியாயம் உண்டு. ஆனால் ஈழத்தவரும் மலையகத்தவரும் நம் முன்னால் வாய் திறந்து கருத்துச் சொன்னால், அது நாம் ஏற்கெனவே எழுதி வைத்த வசனமாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு நியாயம் இல்லை.

காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு மாதங்கி அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ. சாட்சி. 2009இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ பாட்டுக்காக ரஹ்மானோடு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். அப்போது வன்னியில் போர் உச்சத்தில் இருந்தது. கிடைத்த டி.வி. மேடைகளில் அதை இனப்படுகொலை என்று சொன்னார். பாராட்டிய அதே மேற்கத்திய ஊடகங்களில் சில அவரைப் புலி ஆதரவாளர் என்று சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கின.

வேங்கிக்காலில் ஒரு விண்ணப்பம்

கடல் கடந்து வந்து பாடுகிறவர்கள் இருக்கட்டும், இங்கேயே இருப்பவர்களைப் பார்ப்போம். திருவண்ணாமலை நகரத்தை ஒட்டிய வேங்கிக்காலில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் குறைதீர்வு நாள். பட்டா, முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு என்று கையில் மனுவோடு வரிசை நிற்கும். மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களின் கோப்புகளும் வந்து சேரும் இடம் இதுதான். தமிழ்நாடு முழுக்க இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். அரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின், இனி இவை அகதிகள் முகாம் அல்ல, மறுவாழ்வு முகாம் என்று அறிவித்தார். புதிய வீடுகள் உள்பட ₹317 கோடிக்குத் திட்டமும் வந்தது. வீடுகள் மாறின. குடியுரிமை மாறவில்லை.

இந்த மாவட்டத்து முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்பிள்ளை நன்றாகப் பாடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஆடிஷன். தேர்வானால் வாரக் கணக்கில் ஷூட்டிங். முகாமில் பதிவு உள்ளவர்கள் வெளியூரில் தங்க அனுமதி வாங்க வேண்டும். மாதப் பணக்கொடை கொடுக்கும் நாளில் ஆள் நேரில் இருக்க வேண்டும். இதையெல்லாம் தாண்டி அவள் மேடைக்குப் போய்விட்டாள். தொகுப்பாளர் வழக்கம்போல எந்த ஊர் என்று கேட்கிறார். கில்மிஷாவுக்கு யாழ்ப்பாணம் என்ற பதில் இருந்தது, கையில் பாஸ்போர்ட்டும் விசாவும் இருந்தன. ஜெசிக்காவுக்குக் கனடா இருந்தது. திருவண்ணாமலையில் பிறந்து, திருவண்ணாமலைத் தமிழ் பேசும் இந்தப் பிள்ளையைத் திரையின் கீழே எந்த நாட்டுப் பெயரோடு போடுவார்கள்?

சட்டத்தின் பதில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. 1987 ஜூலை 1 முதல், இந்தியாவில் பிறந்தாலும் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. 2019 திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்தவர்களில் குறிப்பிட்ட மதத்தினருக்கு வழி திறந்தது, இலங்கையை விட்டுவிட்டது. வான்கூவரிலிருந்து வரும் பிள்ளை விமானத்தில் வந்து பாடிவிட்டுப் போகலாம். இந்தப் பிள்ளை ஒரு வேளை ஜெயித்து, டொரான்டோ தமிழர்கள் கச்சேரிக்கு அழைத்தால், பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவாள்?

சொந்தப் பாட்டுக்கு ஒரு சுற்று

சேனல்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டி.ஆர்.பி. அவர்களின் தொழில். ஆனால் அவர்களால் முடிந்த ஒன்று உண்டு. பக்திச் சுற்று, நாட்டுப்புறச் சுற்று, டூயட் சுற்று இருக்கிற இடத்தில், அவரவர் ஊர்ப் பாட்டுக்கு ஒரு சுற்று வைக்கலாம். மலையகத்தில் தோட்டத்து மக்கள் கங்காணியையும் துரையையும் பற்றித் தாங்களே கட்டிய பாடல்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடித் தொகுத்தவர் சி.வி.வேலுப்பிள்ளை. நயாப்பனைப் பிள்ளை அதில் ஒன்றைப் பாடினால், அவளுடைய வறுமைக்கான காரணமும் பாட்டோடு சேர்ந்து மேடையேறும். முகாம் பிள்ளைகளும் தாங்களே ஒரு பாட்டுக் கட்டட்டும். நாம் எழுதிக் கொடுத்த சோகத்தை நம்மிடமே திருப்பிப் பாட வேண்டிய நிலை அப்போது மாறும்.

மிச்சம் நம் பங்கு. ஆப்பில் ஓட்டுப் போட்டதும் கடமை முடிந்தது என்று நமக்கு ஒரு நிம்மதி வருகிறதே, அதுதான் இந்தப் போட்டிகள் நமக்குத் தரும் மிகப் பெரிய பரிசு. மிக மோசமான பரிசும் அதுவே. குடியுரிமை மத்திய அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு நேயர் வாக்கு கிடையாது; நாடாளுமன்றத்தில்தான் வாக்கு. கில்மிஷாவுக்கும் அசானிக்கும் கை வலிக்க ஓட்டுப் போட்டவர்கள், அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம், ‘நம்ம ஊரிலேயே பிறந்த முகாம் பிள்ளைகளுக்கு என்ன செய்வீங்க?’ என்று ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.