மேளமும் கூடாரமும் ஏற்ற ஒரு வேன்



ஒரு காலத்தில் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மேளக்காரர்கள் எப்படி வந்தார்கள் என்பது நம் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். தவிலைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, நாதசுரத்தை உறையோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெரிய சாலையில் பஸ்ஸை விட்டிறங்கி, பால்மரக் காட்டினூடே செம்மண் சாலையில் நடந்து வருவார்கள். பாட்டுக் குழுவென்றால் ஆர்மோனியப் பெட்டி சைக்கிளின் பின்னால் கட்டப்பட்டு வரும். அவ்வளவுதான் அவர்களுடைய சாமான்.

இன்று நிலைமை அப்படி இல்லை. ஆர்மோனியத்தோடு கீபோர்டு வந்துவிட்டது. உறுமி மேளக் குழுவுக்குக்கூட ஒலிபெருக்கி வேண்டியிருக்கிறது. வெட்டவெளியில் பாடுவதென்றால் கூடாரம், கித்தான், மடக்கு மேசை, ஜெனரேட்டர், சில சமயம் சமையல் அண்டாவும் அடுப்பும்கூட உடன் போகவேண்டும். ஆகவே நம் பிள்ளைகள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்தவுடன், அடுத்த பேச்சு வேன் வாங்குவதைப் பற்றியதாகவே இருக்கிறது. அந்தப் பேச்சில் நாமும் கொஞ்சம் கலந்துகொள்வோம்.

வேன் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, "அடேயப்பா, எவ்வளவு இடம்!" என்கிறார்கள். காலி வண்டி எதுவுமே பெரிதாகத்தான் தெரியும். நாங்கள் சொல்லும் வழி வேறு. வண்டி பார்க்கப் போவதற்கு முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழுவின் சாமான் அனைத்தையும் கோயில் வாசலிலோ வீட்டு வாசலிலோ கொண்டுவந்து வையுங்கள். பிறகு வாங்க நினைக்கும் வேனின் உட்தளம் எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம் என்று அளந்துவந்து, அதே அளவுக்குத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். பின்சக்கரத்தின் மேல்மூடி இரண்டு பக்கமும் உள்ளே புடைத்துக்கொண்டிருக்கும். அதையும் கோட்டில் காட்டுங்கள். இப்போது சாமானை அந்தக் கட்டத்துக்குள் அடுக்கிப் பாருங்கள். நீளமான பொருள்தான் முதலில் தொல்லை கொடுக்கும். கூடாரத்தின் இரும்புக் கால்கள், ஒலிபெருக்கி நிறுத்தும் தண்டு, பந்தல் குழாய் ஆகியவை குறுக்கே படுக்காவிட்டால் நெடுக்கே போகவேண்டும். நெடுக்கே போனால் பெட்டிகளுக்கு இடம் குறையும். இந்தச் சண்டையெல்லாம் வாசலிலேயே நடந்து முடிந்துவிட்டால் காசு மிச்சம்.

இடத்தைப் பார்த்தாயிற்று. ஆனால் இடம் இருக்கிறது என்பதற்காகச் சுமை ஏற்றிவிட முடியாது. சரக்கு வண்டிகளின் கதவோரத்தில் எழுதியிருக்கும் இரண்டு எண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்று 'பெராட் தான்பா மூவாத்தான்', அதாவது சுமையில்லாத வண்டியின் எடை. மற்றது 'பெராட் டெங்ஙான் மூவாத்தான்', அதாவது சுமையோடு சேர்ந்து இருக்கத்தக்க மொத்த எடை. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் வருவதே நாம் ஏற்றக்கூடியது. அந்தக் கணக்கில் ஓட்டுநரும் பக்கத்தில் அமர்ந்திருப்பவரும் அடக்கம். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒலிபெருக்கிப் பெட்டிகள் நான்கு, ஒன்று 35 கிலோ என்றால் 140 கிலோ. ஆம்ப்ளிஃபையரும் மற்ற மின்கருவிகளும் 40. டிரம் செட் 45. கீபோர்டும் அதன் தாங்கியும் 25. ஆர்மோனியமும் தபேலாவும் 25. மடக்குக் கூடாரம் இரண்டு 60. ஜெனரேட்டர் 45. மேசை நாற்காலி 60. அண்டா அடுப்பு 50. எரிவாயு உருளை ஒன்று 30. ஆகமொத்தம் 520 கிலோ. முன்னால் அமரும் இருவருக்கு 130 கிலோ சேர்த்தால் 650. ஒரு வேனின் சுமையில்லா எடை 1,150 கிலோ, சுமையோடு 1,850 கிலோ என்றால் 700 கிலோ ஏற்றலாம். நம் சாமான் போனபின் மிஞ்சுவது 50 கிலோதான். மழையில் நனைந்த கித்தானை அப்படியே மடித்துப் போட்டால் அந்த 50 கிலோவிலும் பெரும்பகுதி தண்ணீருக்கே போய்விடும்!

இனி வண்டியின் வகைக்கு வருவோம். நம் நாட்டில் இசைக் குழுக்களும் பாசார் மாலாம் வியாபாரிகளும் நெடுங்காலம் நம்பியிருந்தது நிஸ்ஸான் வானெட் போன்ற வேன்களை. இவற்றில் இஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும். பின்சக்கரம் இழுக்கும். டொயோட்டா ஹையேஸ், டைஹாட்சு கிரான் மேக்ஸ் ஆகியவையும் இதே அமைப்புதான். மூக்கு குட்டையாக இருப்பதால், வண்டி சிறிதாக இருந்தாலும் சாமான் வைக்கும் தளம் நீளமாகக் கிடைக்கிறது. நிஸ்ஸான் என்வி200 வேறு வகை. அதன் இஞ்சின் மூக்கில் இருக்கிறது, முன்சக்கரம் இழுக்கிறது. பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட தண்டு அடியில் இல்லாததால் தளம் தாழ்வாக இருக்கும். 35 கிலோ பெட்டியை ஒரே இரவில் நான்கு தடவை ஏற்றி இறக்குகிற இடுப்புக்கு அந்தத் தாழ்ந்த தளத்தின் அருமை தெரியும்.

அப்படியானால் எது நல்லது? நீங்கள் போகும் சாலையைக் கேளுங்கள். செம்பனைத் தோட்டங்களின் உட்சாலைகள் மழைக்குப் பின் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் சுமை அந்தச் சக்கரத்தின் மேலேயே அமர்வதால், மேட்டில் ஏறும்போது பிடிமானம் கிடைக்கும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் எல்லாச் சாமானையும் பின்கதவை ஒட்டி அடுக்கினால் முன்பக்கம் இலேசாகி, சேற்று மேட்டில் சக்கரம் வீணே சுழலும். நேர்மாறாக, பின்சக்கர வண்டி சுமையில்லாமல் ஈரச் சாலையில் போகும்போது வால் வழுக்கும். வேகம் குறைவாக இருக்கவேண்டும். தோட்டத்து வேலையே அதிகம் என்றால் நாங்கள் முதல் வகையைத்தான் எடுப்போம். பட்டணத்து மண்டபங்களும் தார்ச்சாலையும்தான் என்றால் தாழ்ந்த தளத்தையே விரும்புவோம். இருக்கைக்கு அடியில் இஞ்சின் உள்ள வண்டியில் ஒரு எச்சரிக்கை: அதன் சூடு பக்கத்திலும் பரவும். ஆர்மோனியத்தை இருக்கையின் முதுகோடு ஒட்டி வைக்காதீர்கள். துருத்தியின் தோலுக்கும் ஒட்டுக்கும் அது ஆகாது.

பக்கவாட்டில் நகரும் கதவு இருப்பது பெரிய வசதி. பின்கதவு மேல்நோக்கித் தூக்கும் வகையாக இருந்தால் மழையில் அதுவே கூரையாகிவிடும். பக்கத்துக்கொன்றாகத் திறக்கும் இரட்டைக் கதவு வேறு விதத்தில் உதவும், நீளக் குழாய்களை எளிதாகத் தள்ளலாம்.

இனிச் சொல்லப்போவது மனத்துக்குக் கசப்பான செய்தி.

சில ஆண்டுகளுக்கு முன், எங்களுக்கு வேண்டிய ஒரு மேளக் குழு பங்குனி உத்திரத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குப் புறப்பட்டது. முன்னால் இருவர். பின்னால் சாமானோடு சாமானாக மூன்று பையன்கள், ஒலிபெருக்கிப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். நாங்களும் கையசைத்து அனுப்பிவைத்தவர்கள்தாம். மரப்பாலத்துக்கு முன் உள்ள இறக்கத்தில் ஒரு மாடு குறுக்கே வர, ஓட்டியவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி நின்றது, ஆனால் பெட்டிகள் நிற்கவில்லை. ஒரு பையனுக்குக் கால் முறிந்தது. பலாமரத்தில் கடைந்த தவில் கட்டை நெடுக்கே வெடித்தது. தவிலை மாற்றினார்கள். அந்தப் பையன் இன்றும் சற்றுச் சாய்ந்துதான் நடக்கிறான். கையசைத்த நாங்கள் அன்று வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அன்று நடந்தது வெறும் பிரேக்கில். மோதல் என்றால் இன்னும் கடுமை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாத பொருள் சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எந்த வேகத்தில் தரையில் மோதுமோ அந்த வேகத்தில் முன்னால் பாய்கிறது. 10 மீட்டர் என்பது நன்கு வளர்ந்த ஒரு தென்னையின் உயரம். அதன் உச்சியிலிருந்து 35 கிலோ பெட்டி உங்கள் முதுகில் விழுவதை நினைத்துப் பாருங்கள். ஆகவே இருக்கைக்கும் சாமானுக்கும் நடுவே உறுதியான இரும்புத் தடுப்பு உள்ள வண்டியாகப் பாருங்கள். இல்லையென்றால் தளத்தோடு கட்டுவதற்கு வளையங்களாவது இருக்கவேண்டும். சரக்கு ஏற்றும் பகுதியில் ஆள் ஏற்றுவது சட்டப்படியும் குற்றம். குழுவில் ஆறு பேர் இருந்தால் நான்கு பேருக்கு வேறு வண்டி வேண்டும் என்பதை முதலிலேயே செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆள் ஏற்றும் வேனை வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுச் சாமான் ஏற்றலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெறாமல் அப்படிச் செய்தால், விபத்து நேரும் நாளில் காப்புறுதிப் பணத்துக்கே வம்பு வரும்.

பழைய வேனைத்தான் நம்மில் பலரால் வாங்க முடியும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பட்டப்பகலில் போய்ப் பாருங்கள். உள்ளே ஏறிக் கதவுகளைச் சாத்தச் சொல்லுங்கள். தளத்திலோ சக்கர மூடியிலோ வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது துரு தின்ற இடம். ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்க்கத் தயங்காதீர்கள். பெருமழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது, ஒழுக்கு தானாகத் தெரிந்துவிடும். ஒழுகும் வண்டியில் தோல் வாத்தியங்களை ஏற்றவே கூடாது. தவிலின் ஒரு பக்கம் எருமைத் தோல், மறுபக்கம் ஆட்டுத் தோல். ஈரம் பட்டால் இரண்டும் தளர்ந்து நாதம் இறங்கிவிடும். பத்தடி பின்னால் நின்று வண்டியின் பின்பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் வில்பட்டை களைத்துவிட்டது. டயரில் அளவு எழுதியிருக்கும் இடத்தில் கடைசியில் 'சி' என்ற எழுத்து இருந்தால் அது சுமை வண்டிக்கான டயர். சாதாரணக் கார் டயர் மாட்டியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், ஏனெனில் நான்கையும் மாற்றவேண்டும். சேசிஸ் எண்ணைப் பதிவு அட்டையோடு ஒப்பிடுங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவரை அழைத்துப் போங்கள்.

தவணைக் கொள்முதல் செய்வோர்க்கு 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் சில பாதுகாப்புகளைத் தருகிறது. விலையில் 10 விழுக்காடாவது முன்பணம் கட்டவேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆனால் சரக்கு வண்டிகளில் சுமையோடு 2,540 கிலோவுக்கு மேற்படாதவற்றுக்கு மட்டுமே அந்தச் சட்டம் பொருந்தும். அதைவிடப் பெரிய வேனுக்கு ஆசைப்படுவோர் ஒப்பந்தத்தை இரட்டிப்புக் கவனத்தோடு படிக்கவேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போய், கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மாதத் தவணை 350 வெள்ளி, காப்புறுதி, சாலை வரி, டயர், பழுது எல்லாம் மாதக் கணக்கில் 250 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆக 600 வெள்ளி. வாடகை வேன் ஒரு நடைக்கு 200 வெள்ளி என்றால் மாதம் மூன்று நிகழ்ச்சிக்குக் குறையாமல் கிடைத்தால்தான் சொந்த வண்டி கட்டும். எண்ணெய்ச் செலவு வேறு. தை முதல் சித்திரை வரை நிகழ்ச்சிக்குப் பஞ்சமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் ஏது? தவணைக்கு ஆடி மார்கழி தெரியாது. முதல் ஆண்டு வாடகை வேனிலேயே ஓட்டி, நிகழ்ச்சிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்து, பிறகு முடிவு செய்வதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது. நால்வர் சேர்ந்து முன்பணம் போட்டாலும் வண்டி ஒருவர் பெயரில்தான் இருக்கும். யார் எவ்வளவு போட்டார்கள், ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அண்ணன் தம்பியாக இருந்தாலும் எழுதுங்கள். கூட்டாக வாங்கிய வேனால் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வண்டி வந்தபின் சாமான் அடுக்கும் முறை ஒன்று உண்டு. கனமானவை அடியில், முன்தடுப்பை ஒட்டி. அவற்றின் மேல் வாத்தியம். வாத்தியத்தின் மேல் எதுவும் கூடாது. கூரையின் மேல் இலேசான குழாய்களை மட்டும் கட்டலாம், பெட்டிகளைக் கட்டினால் வளைவில் வண்டி சாயும். ஜெனரேட்டரைச் சூடு ஆறியபின் ஏற்றுங்கள். அதை வண்டிக்குள் வைத்து ஓட்டவே கூடாது, அதன் புகை வாசனையில்லாமலே ஆளைக் கொல்லும். எரிவாயு உருளையை நிறுத்திவைத்து, வால்வை மூடி, சன்னலைத் திறந்துவிட்டு ஓட்டுங்கள். வீடு சேர்ந்ததும் முதலில் இறக்கவேண்டியது அதைத்தான். வெயிலில் மூடிய வேனுக்குள் சூடு 50 பாகைக்கு மேல் ஏறும். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினால்கூட ஆர்மோனியத்தையும் தவிலையும் நிழலில் இறக்கிவையுங்கள். நள்ளிரவில் நனைந்து வந்த கித்தானை, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், வேனிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். காலையில் உலர்த்திக்கொள்ளலாம் என்பார்கள். அதற்குள் அந்த ஈரம் பக்கத்தில் இருக்கும் தோல்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.