ஒரே தட்டலில் 60 கேட்புப் பட்டியல்



மாசம் பிறந்தால் கூட்டமைப்பு அலுவலகத்தில் பெரிய வேலை, கேட்புப் பட்டியல் அச்சடிப்பதுதான். யார் எவ்வளவு சேமிப்பு கட்ட வேண்டும், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்று குழுவாரியாக எடுத்துத் தரும் தாள் அது.

ஒரு கூட்டமைப்பில் 60 குழுக்கள், குழுவுக்கு ஓர் எக்செல் கோப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் திறக்கணும், சரியான பக்கத்துக்குப் போகணும், பிரிண்ட் கொடுக்கணும், மூடணும். ஒன்றுக்கு 2 நிமிடம் என்றாலே 120 நிமிடம். நடுவில் கரண்ட் போனாலோ, யாராவது பாஸ்புக்கோடு வந்து நின்றாலோ, எந்தக் குழு வரைக்கும் எடுத்தோம் என்பதே மறந்துபோகும். ஒரு குழுவுக்கு இரண்டு தாள் போகும். இன்னொரு குழுவுக்குத் தாளே போகாது.

இந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்ய வழி இருக்கிறது. அதன் பெயர் மேக்ரோ.

மேக்ரோ என்றால் என்ன?

இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று கம்ப்யூட்டருக்கு நாம் எழுதிவைக்கும் வேலை வரிசைதான் மேக்ரோ. ஒரு தடவை எழுதிவிட்டால், பொத்தானைத் தட்டும்போதெல்லாம் அதே வரிசையில் செய்து முடிக்கும். எக்செலில் விஷுவல் பேசிக் மொழியில் இதை எழுதும் வசதி 1993-லிருந்தே இருக்கிறது. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸிலும் மேக்ரோ உண்டு. ஆனால் எக்செலுக்கு எழுதியது எல்லாமே அதில் அப்படியே ஓடும் என்று நம்பிவிடக் கூடாது.

நாம் செய்வதைப் பார்த்துப் பதிந்துகொள்ளும் 'ரெக்கார்ட் மேக்ரோ' என்ற வசதியும் எக்செலில் உண்டு. பழகிப் பார்க்க அது நல்லது. ஆனால் முதல் குழுவின் கோப்பைத் திறந்து பதிவு செய்தால், எத்தனை தடவை ஓட்டினாலும் அந்த முதல் குழுவையே திறக்கும். அடுத்தது, அதற்கு அடுத்தது என்று போகச் சொல்லும் வரிகளை, தெரிந்த ஒருவர் எழுதித் தர வேண்டும். சில வரிகள்தான். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிற நம் பிள்ளைகளைக் கேட்டாலே எழுதித் தருவார்கள்.

எப்படி அமைப்பது?

1. குழுக் கோப்புகள் 60-ஐயும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். மேக்ரோ இருக்கும் கோப்பு அதற்கு வெளியே தனியாக இருக்கட்டும். அதைச் சேமிக்கும்போது 'மேக்ரோ எனேபிள்டு' என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண எக்செல் கோப்பாகச் சேமித்தால் எழுதிய மேக்ரோ போய்விடும்.

2. மேக்ரோ கோப்பில் 60 கோப்புகளின் பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் மேக்ரோ ஒவ்வொன்றாகத் திறக்கும். பக்கத்துக் கட்டத்தில் 'பிரிண்டருக்கு அனுப்பியாச்சு' அல்லது 'கோப்பு இல்லை' என்று குறிக்கவும் சொல்லிவிடலாம். விடுபட்ட குழு உடனே தெரிந்துவிடும்.

3. கோப்பை 'படிக்க மட்டும்' என்று திறந்து, அச்சடித்து, சேமிக்காமல் மூடும்படி எழுதச் சொல்லுங்கள். கணக்கு கைதவறி மாறாது.

4. முதலில் 2 குழுவுக்கு மட்டும் ஓட்டிப் பாருங்கள். தாளில் அடங்குகிறதா, தமிழ் எழுத்து ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை ஓட்டலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பெயர்கள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கன்னாபின்னாவென்று வரும். யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

எங்கே ஏமாறக் கூடும்?

வசூல் விவரத்தை இன்னொரு கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி குழுக் கோப்பை இணைத்திருப்பது உண்டு. அப்படிப்பட்ட கோப்பைக் கையால் திறந்தால், 'புதுப்பிக்கட்டுமா?' என்று எக்செல் கேட்கும். மேக்ரோ எழுதுகிறவர், வேலை நடுவில் நிற்கக் கூடாது என்று அந்தக் கேள்வியை அடக்கிவிடுவார். கூடவே 'புதுப்பித்துக்கொள்' என்றும் எழுதாவிட்டால், போன மாதக் கணக்கே மறுபடி அச்சாகி வரக்கூடும்.

அதனால் என்ன ஆகும்? ஒரு சகோதரிக்குக் கடன் பாக்கி 12,000 ரூபாய். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அந்த மாதம் அவர் கட்ட வேண்டியது அசல் 1,000, வட்டி 120, சேமிப்பு 200, ஆக 1,320. கட்டிவிட்டார். அடுத்த மாதம் பாக்கி 11,000, வட்டி 110. கட்ட வேண்டியது 1,310. ஆனால் பழைய தாளே வந்தால் 1,320 என்றுதான் இருக்கும். பத்து ரூபாய்தானே என்று விட்டுவிடலாமா? பாக்கியும் 12,000 என்றே நிற்கிறதே! அவர் கட்டிய அசல் 1,000 ரூபாய் அந்தத் தாளில் காணோம். கையால் செய்தால் ஒரு குழுவில் தவறு வரும். மேக்ரோ அதே தவறை 60 குழுவிலும் சில நிமிடத்தில் செய்துவிடும்.

இன்னொன்று. முன்பின் தெரியாதவர் அனுப்பிய கோப்பில் மேக்ரோ இருந்தால் அனுமதிக்காதீர்கள். 1999-ல் உலகம் முழுக்கப் பரவிய மெலிசா வைரஸ், வேர்டு கோப்பில் ஒளிந்து வந்த மேக்ரோதான். இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோவை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தடுத்து வைக்கிறது.

உறுப்பினர் செய்ய வேண்டியது

"பொட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா" என்று கையெழுத்துப் போடும் பழக்கம் வேண்டாம். 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே, நம்மிடம் அடமானம் வைக்கச் சொத்து இல்லை. ஒழுங்கான சேமிப்பும் சரியான கணக்குமே நமக்கு ஜாமீன்.

அடுத்த கூட்டத்தில் தாள் கைக்கு வந்ததும் மூன்றைப் பாருங்கள். மேலே இந்த மாதப் பெயர் இருக்கிறதா? கடன் பாக்கி உங்கள் பாஸ்புக்கோடு ஒத்துப்போகிறதா? போன மாதம் கட்டியது வரவாகி இருக்கிறதா? எழுத்து தெரியாத அக்காமார்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ஒத்துப்போகாவிட்டால் கையெழுத்துப் போடாமல், தீர்மான நோட்டில் எழுதி பிரதிநிதி மூலம் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

கணக்காளர் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: மேக்ரோவை எப்படி ஓட்டுவது என்று ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். நீங்கள் லீவு போட்ட மாதத்திலும் 60 குழுவுக்கும் தாள் போய்ச் சேரும். மிச்சமாகும் இரண்டு மணி நேரத்தில், பாக்கி ஒத்துப்போகாத குழுவுக்கு நேரில் போய் உட்கார்ந்து கணக்கைச் சரிபார்க்கலாம்.